நாலு நாள் திறந்திருந்த எலிப்பெட்டி

எங்கள் வீட்டில் எலியை எலி என்று யாரும் சத்தமாகச் சொல்லமாட்டோம். எலிக்குக் காது கேட்கும், பேச்சு புரியும், பெயர் சொல்லிப் பொறி வைத்தால் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது என்பது அப்பாவின் தீர்மானம். அதனால் எலிக்கு எங்கள் வீட்டில் விருந்தாளி என்று பெயர். மச்சில் உருட்டுகிற சத்தம் கேட்ட மறுநாள் காலையில், விருந்தாளி வந்திருக்காவ போலுக்கே என்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வார். அம்மாவும் அரிசிப் பானையை மூடிக்கொண்டே, குடும்பத்தோடல்லா வந்திருக்காவ என்பாள். நான் விலங்கியல் படித்து, பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியையான பிறகு, எலிக்குத் தமிழ் தெரியாது என்று அப்பாவோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். உனக்குப் புத்தகத்தைத் தெரியும், எலியைத் தெரியாது என்று என் வாயை அடைத்துவிடுவார்.

அது உண்மைதான். எலியைப் பற்றி எனக்கு உருப்படியாகத் தெரிந்ததெல்லாம் அப்பா செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதை வைத்து நான் செய்த காரியத்தைத்தான் எழுதப்போகிறேன். யாரிடமும் சொல்லி அழ முடியாத காரியம். அழுதால் எனக்கே என்மேல் எரிச்சல் வரும்.

வீடு குறுக்குத்துறைப் பக்கம், ஆற்றுக்கு நடந்துபோகிற தூரம். பழைய மச்சு வீடு, உத்தரமெல்லாம் மரம். இந்த மாதிரி வீடு வீட்டெலிக்கென்றே கட்டியது. சாக்கடையில் புரளுகிற பெருச்சாளி வேறு, இது வேறு. இது உயரத்தில் வாழ்கிற சாதி. மெலிந்த உடம்பு, பெரிய காது, உடம்பைவிட நீளமான வால். அந்த வாலை வைத்துத்தான் கேபிள் வயரில்கூடத் தடுமாறாமல் நடக்கும். முன்பல் சாகிறவரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் பசி இல்லாவிட்டாலும் எதையாவது கொறித்தாக வேண்டும். மூன்று வாரத்தில் குட்டி போடும். அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுக்க, அதற்குப் பிறகும், இதோடுதான் அவருக்குப் போராட்டம்.

நாங்கள் சைவம். தெருவில் யாரோ போட்ட முட்டை ஓடு காற்றில் எங்கள் வாசலுக்கு வந்தால் வாசலைக் கழுவிவிடுகிற சைவம். கொல்கிற பேச்சுக்கே இடமில்லை. எலிக்கு விஷம் வைக்கிறவர்களை அப்பா மனுசராகவே மதிக்கமாட்டார். எலியைப் பிடிப்பார், பெட்டியோடு சைக்கிள் கேரியரில் கட்டுவார், பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆற்றில் குளித்து, திருநீறு பூசி வருவார். கொலை இல்லை, பாவம் இல்லை. அந்த எலி அங்கே என்ன ஆனது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

பிடிக்கிற விதம்தான் முக்கியம். எலிக்குப் புதுச்சாமான் ஆகாது. தினமும் போகிற வழியில் ஒரு துடைப்பத்தை இடம்மாற்றிச் சாத்தினால்கூட இரண்டு நாள் அந்தப் பக்கம் வராது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயரெல்லாம் உண்டு. தெருக்காரர்கள் கடையில் பொறியை வாங்கி வந்த அன்றைக்கே வடையை மாட்டி வைத்துவிட்டு, எலி வரவில்லையே என்று அலுத்துக்கொள்வார்கள். அப்பா அவசரப்படவே மாட்டார். மரப்பெட்டியின் கதவைத் தூக்கி, விழாதபடி சணல்நூலால் கட்டிப்போடுவார். தேங்காய்ச் சில்லைத் தணலில் கருக வாட்டி உள்ளே வைப்பார். முதல் நாள் எலி தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இரண்டாம் நாள் வாசலோரம் கிடப்பதை மட்டும் கொஞ்சம் கொறித்துப் பார்க்கும். எலிக்கு வாந்தி வராது, தின்றதை வெளியே தள்ள வழியில்லை, அதனால் எதையும் முதலில் கொஞ்சம்தான் தின்னும். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மறுநாள் மிச்சத்துக்கு வரும். மூன்றாம் நாள் தலையை நீட்டும். நாலாம் நாள் சொந்த வீடுமாதிரி உள்ளே போய், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரும். ஐந்தாம் நாள் அப்பா சணலை அவிழ்ப்பார்.

“நாலு நாளு கட்டிப்போட்டாப் போதும், ளா. பெறவு நாம ஒண்ணும் செய்யண்டாம். அதுவாப் போயி உள்ள உக்காந்துக்கிடும்.”

இந்த ஆற்றைத் தாண்டுகிற ஏற்பாடும் அவர் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான். முதலில் பக்கத்துத் தெருத் தோட்டத்தில் விட்டுக்கொண்டிருந்தார். பிடித்த எலியே திரும்பி வருகிறது என்று அவருக்குச் சந்தேகம். அம்மா நம்பவில்லை, எல்லா எலியும் ஒரே முகந்தானே என்றாள். சன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை அப்பா எடுத்தார். பெட்டியின் இடுக்கில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலில் ஒரு கோடு இழுத்து, தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் அடுக்களை உத்தரத்தில் பச்சை வால் தொங்கியது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்கு ஜெயித்த பெருமை. மறுபடி பிடித்து இந்தத் தடவை பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டார். அந்தப் பச்சை வாலை அதற்கப்புறம் நாங்கள் பார்க்கவில்லை. நான் கல்யாணமாகி வண்ணார்பேட்டைக்கு, ஆற்றுக்கு மறுகரைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு எலியையும் விட்டுவிட்டு எனக்குப் போன் செய்வார். ஒங்க பக்கந்தான் விட்டிருக்கேன், வந்தா நல்லாக் கவனிச்சுக்கோ என்பார்.

அம்மா போனபிறகு எல்லாம் மாறியது. அப்பாவுக்குக் கண் அழுத்த நோய், பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. சர்க்கரை வேறு, காலில் உணர்ச்சி குறைவு. சைக்கிளை விற்கவில்லை, ஆனால் தொடவும் இல்லை. பெட்டியின் கொக்கியை மாட்டக் கண் தெரியவில்லை. நடுக்கூடமான பட்டாசலில் கட்டில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அடுக்களைக்கும் புறவாசலுக்கும் நடப்பார். எலிகள் பெருகின. எலிக்கும் கண் பெரிதாகத் தெரியாது. மீசையும் விலாவும் சுவரில் உரசுகிற வழியிலேயேதான் தினமும் ஓடும். ஓடி ஓடி அதன் உடம்பு எண்ணெய் சுவரில் கறுப்பாகப் படிந்துவிடும். எங்கள் பட்டாசல் சுவரில் தரையோரமாக அப்படி ஒரு கோடு இருந்தது. இடுப்பு உயரத்தில் இன்னொரு கோடு இருந்தது. அது அப்பாவின் உள்ளங்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சுவரைத் துடைக்கப் போனபோது, அதைத் துடைக்காதே, எனக்கு அதுதான் வழி என்றார். கண் தெரியாதவருக்குச் சுவரில் கறுப்பாக இருந்தால் என்ன, வெள்ளையாக இருந்தால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு நான் ஏகப்பட்ட வேலையோடு வந்திருந்தேன். துடைத்துவிட்டேன். அடுத்த வாரம் போனபோது கோடு மறுபடி லேசாக ஆரம்பித்திருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் போனால் கட்டில் விரிப்பில் ரத்தம். தூங்குகிறபோது குதிகாலை எலி கொறித்திருக்கிறது. அப்பாவுக்குத் தெரியவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஊசி போட்டு, கட்டுப் போட்டோம். எலிக்காய்ச்சல் வந்துவிடுமோ என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் சென்னையிலிருந்து அண்ணன் பேசினான். இனிமேல் அப்பாவை அங்கே தனியாக விட்டுவைக்க முடியாது என்றான். நானும் ஆமா என்றேன். அவன் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு சப்பைக்கட்டும் கட்டாமல் சொல்லிவிடுகிறேன். வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு அறை உண்டு. ஒன்றில் மகள் பரீட்சைக்குப் படித்தாள். அதற்கு முந்தின வருடம் அப்பா பதினோரு நாள் எங்களோடு இருந்தார். சுவர் பிடிபடாமல் பாத்திரங்களைத் தட்டிவிட்டார், விடியுமுன் எழுந்து தேவாரம் பாடினார், பாத்ரூமில் தண்ணீர் ஊற்ற மறந்தார். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது நான்தான். பன்னிரண்டாம் நாள் அப்பாவே, வீட்டைப் போட்டுட்டு எத்தனை நாள் இருக்க என்று கிளம்பிவிட்டார். நான் இருங்கள் என்று சொல்லவில்லை.

பாலத்தைத் தாண்டி நாங்குநேரி போகிற ரோட்டில் ஒரு முதியோர் இல்லம் இருப்பதை அண்ணன்தான் விசாரித்துக் கண்டுபிடித்தான். நல்ல இடம். சைவச் சாப்பாடு, நர்ஸ் உண்டு, சுத்தம். குறை சொல்ல ஒன்றும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை. இரண்டு நாள் லீவில் வந்து அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுப் போகிறேன் என்றான் அண்ணன். அப்போது நான் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.

“திடீர்னு கொண்டுபோயி விட்டா அப்பா சாப்பிட மாட்டாவ, அண்ணே. பையப் பழக்கணும். மொதல்ல ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்.”

எங்கே படித்த பாடம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அண்ணன் போனில் சிரித்தான். அவனும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தான். ஏன் சிரிக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

அந்த இடத்தின் பெயரை அப்பா முன்னால் சொல்வதில்லை என்று பேசாமலே முடிவாகிவிட்டது. அங்கன என்றே சொல்லிக்கொண்டோம். அங்கன எப்போ வரச் சொன்னாங்க, அங்கன கட்டில் உயரமா தாழ்வா என்று பட்டாசலில் அப்பா உட்கார்ந்திருக்கும்போதே குரலைத் தாழ்த்திப் பேசினோம். அவருக்குக் கண்தான் போயிருந்தது. காது நன்றாகக் கேட்கும்.

முதல் தடவை, தெரிந்தவர்கள் நடத்துகிற இடம், சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனேன். வீட்டிலிருந்து சுட்ட தேங்காய்த் துவையல் அரைத்து எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கு அது இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டார். இலையில் போட்டதைக் கொஞ்சம் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு வாய் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டார். துவையலை மட்டும் வழித்துச் சாப்பிட்டார். சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விட்டேன். இரண்டாம் தடவை, எனக்குப் பரீட்சைத்தாள் திருத்துகிற வேலை இருக்கிறது என்று சொல்லி இரண்டு நாள். துவையல் டப்பாவோடு. திரும்பிக் கூட்டிவந்தபோது, சாப்பாடு பரவாயில்லை, உப்பு மட்டும் கம்மி என்றார். அண்ணனுக்குப் போன் செய்து, உப்பு கம்மின்னு சொன்னாவ, பிடிச்சுப்போச்சு போலிருக்கு என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் தடவை ஒரு வாரம். ரேடியோவையும் சாய்வுநாற்காலியையும் கொண்டுபோனோம். பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், இரண்டு பேரும் பேப்பரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வாரம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா பட்டாசல் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாம் இருந்த இடத்திலே இருக்கு என்றார்.

நாலாம் தடவைக்கு அண்ணன் வந்தான். வீட்டில் வயரெல்லாம் கொறித்துக் கிடக்கிறது, விருந்தாளிகளை மொத்தமாகக் கிளப்பி வயரை மாற்றவேண்டும், பத்து நாள் ஆகும் என்று சொன்னான். அப்பா உடனே சரி என்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“விசம் மட்டும் வச்சிராதீங்கய்யா. அம்மா பொழங்குன வீடு.”

அண்ணன் வைக்கமாட்டோம் என்றான். அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நானும் வைக்கமாட்டோம் என்றேன்.

அந்தத் தடவை கிளம்பும்போது அப்பாவைக் கைபிடித்துக் காரில் ஏற்றவேண்டியிருக்கவில்லை. அவராகவே வாசல் நிலையைத் தொட்டு, படி இறங்கி, கதவைத் தடவித் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார். அங்கே போய் இறங்கியதும் பதினாறு எட்டு வைத்து இடதுபக்கம் திரும்பினால் என் கட்டில் என்று தானே நடந்துபோனார். நர்ஸ் ஆச்சரியப்பட்டார். நான் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் என்பது ஒரு மாதமாயிற்று. வயரை யாரும் மாற்றவில்லை. பூட்டப்போகிற வீட்டுக்கு வயர் எதற்கு? எலியை மட்டும் அப்படியே விட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அண்ணன் ஆள் வைத்து மச்சிலும் அடுக்களையிலும் மருந்து வைக்கச் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டான். சாவி என்னிடம்தான் இருந்தது. கதவைத் திறந்துவிட்டது நான்தான். ஒரு வாரம் கழித்துப் போனபோது தெரு வரைக்கும் நாற்றம். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நானே பொறுக்கினேன். உத்தரத்துக்கு மேலே பதினாறு, அரிசிப் பானைக்குப் பின்னால் கண் திறக்காத குட்டிகள். அம்மா புழங்கிய இடம். வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை துவையல் டப்பாவோடு அப்பாவைப் பார்க்கப் போனேன். வராந்தாவில் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார். அங்கே சுவரெல்லாம் இடுப்புக்கு மேல்வரை டைல்ஸ். கை படுகிற தடத்தைத் தினமும் காலையில் துடைத்துவிடுவார்கள். என் காலடிச் சத்தம் கேட்டு நின்றார். பெஞ்சில் உட்காரவைத்தேன். மகள் படிப்பு, என் முட்டிவலி, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எல்லாம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, விருந்தாளிகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

பொய்யை வரும் வழியிலேயே தயார் செய்துவைத்திருந்தேன். பெட்டி வைத்துப் பிடித்தோம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டோம் என்றேன்.

“அந்தப் பக்கம்னா இந்தப் பக்கமா? அப்பம் இங்கனதான் எங்கயாவது கெடக்கும்” என்றார் அப்பா.

அவர் மடியில் கையை விரித்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஒரு மத்தியானச் சாப்பாடு என்றார். பிறகு இரண்டு நாள். பிறகு ஒரு வாரம். நாலாவது விரலை மடக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை, அழுகை இல்லை. ஏதோ பழைய ஆபீஸ் பைலைச் சரிபார்ப்பவர் போல இருந்தார். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். எனக்கும் அப்பாவின் வாய் உண்டு. திட்டவே இல்லை.

“வாலுல பெயிண்டு அடிக்கலயா, ளா? திரும்பி வந்தா எப்பிடிக் கண்டுபிடிப்பிய?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா சிரித்த அந்தப் பச்சை வால் நாளை நினைத்துத்தான் சிரித்தாரோ என்னவோ. அப்பா, நாங்க ஒண்ணும் என்று ஆரம்பித்தேன். மேலே என்ன சொல்ல? அவரைக் கொல்லவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம். பிடித்தோம், ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்து விட்டோம்.

பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். சுட்ட தேங்காய் மணம் வராந்தா முழுக்க வந்தது. அப்பா முகத்தைத் தூக்கி ஒரு தடவை மோந்தார். கையை நீட்டி டப்பாவைத் தடவிப் பார்த்தார், மூடியைத் தேடி எடுத்தார், மெதுவாக மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இது இனி எதுக்குளா? கதவ அடச்சாச்சுல்லா.”